தேடல் பெட்டியில் தட்டியதெல்லாம் வாக்குமூலமா? பேசக் கூசும் பாலியல் விஷயங்களும் இணையத் தேடல் தரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதர்கள் மனைவியிடம் பொய் சொல்வார்கள், மருத்துவரிடம் பொய் சொல்வார்கள், கணக்கெடுக்க வருபவரிடம் கட்டாயம் பொய் சொல்வார்கள். கூகுளிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். இந்த நம்பிக்கையை மூலதனமாக வைத்துக் கடந்த 15 ஆண்டுகளில் பாலியல் பற்றிப் பல ஆய்வுகளும், அவற்றைவிடப் பல மடங்கு செய்திகளும் வந்துவிட்டன. ஆய்வு மாணவர்களும் பத்திரிகைக்காரர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேடல் என்பது ஒரு கேள்வி. வேறு யாரிடமும் கேட்க முடியாதபோதுதான் அந்தக் கேள்வி பெருகுகிறது. அதைத் தலை எண்ணும் கருவியாக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது.

தேடல் தரவு என்று எதைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலான ஆய்வுகள் கூகுள் ட்ரெண்ட்ஸை நம்பி எழுதப்பட்டவை. 2006-இல் வந்த இலவசக் கருவி அது. 2004 முதலான தேடல்களின் போக்கைக் காட்டும். விளம்பரதாரர்களுக்காகக் கூகுள் தரும் சொல்வாரியான எண்ணிக்கையையும் சிலர் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு தேடுபொறியின் பதிவேடே ஆய்வாளர் கைக்கு வருவது அபூர்வம். ஓகி ஓகாஸ், சாய் கட்டம் என்ற இரண்டு நரம்பியல் ஆய்வாளர்கள் 2009 ஜூலை முதல் 2010 ஜூலை வரை டாக்பைல் தளத்தில் ஓடிய சுமார் 40 கோடித் தேடல்களைத் திரட்டி, அவற்றில் 5.5 கோடி, அதாவது 13 சதவீதம், பாலியல் சார்ந்தவை என்று வகைப்படுத்தினார்கள். எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் டாக்பைல், பிற தேடுபொறிகளின் முடிவுகளைக் கலந்து தரும் ஒரு தளம். அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அங்கே போனவர்கள் யார், ஏன் போனார்கள் என்பது தெரியாமல் 40 கோடியை வைத்துக்கொண்டு ‘மனித ஆசை இதுதான்’ என்று சொல்ல முடியாது. மாதிரி பெரிதாக இருப்பதும் அது பொருத்தமாக இருப்பதும் வேறு வேறு.

கருத்துக்கணிப்பு நடத்தினால் போதாதா? ஏன் கூகுளிடம் போக வேண்டும்?

போதாது என்பதற்கு ஒரு ஆணுறைக் கணக்கே சாட்சி. அமெரிக்காவின் பொதுச் சமூகக் கணிப்பில் பெண்கள் சொன்ன விடைகளைப் பெருக்கிப் பார்த்தால், ஆண்–பெண் உறவுகளில் ஆண்டுக்கு 110 கோடி ஆணுறைகள் பயன்படுகின்றன. ஆண்கள் சொன்னதைப் பெருக்கினால் 160 கோடி. ஒரே படுக்கையைப் பற்றி இரண்டு கணக்கு! கடைகளில் விற்பதோ ஆண்டுக்கு 60 கோடிக்கும் குறைவு. தரவு ஆய்வாளர் சேத் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ் இதை எடுத்துக்காட்டி, கேட்டால் இரு தரப்புமே பொய் சொல்கிறது, அதனால் தேடல்களைப் பார்ப்போம் என்றார்.

கேட்கும் முறையை மாற்றினாலும் விடை மாறும். அமெரிக்காவில் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் 2,516 பேரிடம் செய்த சோதனை 2013-இல் வெளிவந்தது. தன்பாலின அனுபவம் உண்டா என்று நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். பல வாக்கியங்களை ஒன்றாகக் கொடுத்து, ‘இவற்றில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும், எண்ணை மட்டும் சொல்லுங்கள்’ என்று கேட்டபோது அது 27 சதவீதமானது. அதுவும் யாரும் எதிரே உட்கார்ந்து கேட்கவில்லை, கணினித் திரையில்தான். ஆனால் அங்கே பங்கேற்றவர்கள் நாட்டு மக்களின் சரியான மாதிரி அல்லர். ஆகவே 17, 27 என்ற எண்களைவிட இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் முக்கியம்.

மாதிரிப் பிரச்சினை கூகுளோடு பிறந்ததும் அல்ல. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் கின்சி 1948-இல் 5,300 வெள்ளை இன ஆண்களை வைத்து எழுதிய அறிக்கையில் சிறைவாசிகளின் பங்கு தேவைக்கு அதிகம். 1954-இல் காக்ரன், மாஸ்டெல்லர், டூக்கி ஆகிய மூன்று புள்ளியியலாளர்கள் அதை வரிவரியாகப் பிரித்து விமர்சித்தார்கள். தேடல் தரவை வைத்து எழுதுகிறவர்கள் அந்த விமர்சனத்தை ஒரு முறையாவது படித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

ட்ரெண்ட்ஸ் வரைபடத்தில் 100 என்று வருகிறதே, அது 100 பேரா?

இல்லை. 100 சதவீதமும் இல்லை.

கூகுள் எல்லாத் தேடல்களையும் எடுப்பதில்லை, ஒரு பகுதியை மாதிரியாக எடுக்கிறது. ஒரு பகுதியில், ஒரு காலத்தில், அந்தச் சொல்லுக்கான தேடல்களை அங்கே நடந்த மொத்தத் தேடல்களால் வகுக்கிறது. வரும் விகிதங்களில் எது உச்சமோ அதற்கு 100 என்று பெயர் வைத்து, மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்குகிறது. தேடல் மிகக் குறைவாக இருந்தால் 0 என்று காட்டிவிடும். அந்தப் பூஜ்யத்துக்கு ‘யாரும் தேடவில்லை’ என்று பொருள் கிடையாது. ஒரே ஆள் சற்று நேரத்தில் மீண்டும் மீண்டும் தேடினால் அதைக் கழித்துவிடுவதாகக் கூகுள் சொல்கிறது. ஆனால் அதே ஆள் நாளையும் மறுநாளும் வந்தால் அவை புதுத் தேடல்கள்தான்.

இதில் இரண்டு வில்லங்கம். ஒன்று, எண்ணுவது தேடல்களை, ஆட்களை அல்ல. இரண்டு, வகுக்கும் எண் மாறினாலும் விடை மாறும். ஒரு ஊரில் பாலியல் தேடல் அப்படியே இருக்க, பள்ளிப் பிள்ளைகள் பாடத்துக்காகக் கூகுளைத் தட்டத் தொடங்கிவிட்டால், அந்த ஊர் திடீரென்று ஒழுக்கமான ஊராகத் தெரியும்.

அரிய சொற்களுக்கு இன்னொரு தொல்லை. இன்று எடுத்த வரைபடமும் நாளை எடுத்த வரைபடமும் ஒத்துப்போகாது, மாதிரி மாறிவிடும். விலக்கப்பட்ட பாலியல் விருப்பங்கள் எல்லாமே அரிய சொற்கள்தான் என்பதால், ஒரே ஒரு முறை இறக்கிய தரவை வைத்து எழுதிய கட்டுரையை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிப்பேன்.

‘பாலியல் தேடலில் பாகிஸ்தான் முதலிடம்’ என்று படித்தோமே?

2010-இல் ஃபாக்ஸ் நியூஸ் தளம் ஒரு பரிகாசப் பெயரோடு அந்தச் செய்தியை வெளியிட்டது. பிறகு பல ஆண்டுகள், பல வடிவங்களில், குறிப்பாக நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் குதூகலத்தோடு சுற்றியது.

மேலே சொன்ன வகுத்தலை நினைவில் வைத்துப் பாருங்கள். அன்று பாகிஸ்தானில் பத்தில் ஒருவர்கூட இணையத்தில் இல்லை. இருந்த சிலரில் இளம் ஆண்களே மிகுதி. அவர்களுடைய மொத்தத் தேடல்களில் அந்தச் சொற்களின் பங்கு அதிகம் என்பதுதான் தரவு சொன்ன ஒரே சேதி. வங்கிக் கணக்கு, சமையல் குறிப்பு, ரயில் முன்பதிவு என்று வீடே இணையத்துக்கு வந்துவிட்ட நாட்டில் அதே சொற்களின் பங்கு தானாகவே நீர்த்துப்போகும். ஒரு நாட்டின் ஒழுக்கத்தை அளந்ததாக நினைத்து, அங்கே இணையம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள்.

அமெரிக்க ஆண்களில் 5 சதவீதம் பேர் தன்பாலீர்ப்பினர் என்று தேடலை வைத்துச் சொன்ன கணக்கு நிற்குமா?

ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ் 2013 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கணக்கு அது. முகநூலில் ஆண்களில் விருப்பம் என்று வெளிப்படையாகக் குறிப்பிடும் ஆண்கள், சகிப்பு மிகுந்த மாநிலங்களில் அதிகம், மற்ற மாநிலங்களில் குறைவு. ஆனால் ஆண்களின் ஆபாசப் படத் தேடல்களில் ஆண்–ஆண் படங்களுக்கான பங்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றே: ரோட் ஐலண்டில் 5.2 சதவீதம், மிசிசிப்பியில் 4.8. இதிலிருந்து அவர் இரண்டு முடிவுகளுக்கு வருகிறார். பல மாநிலங்களில் பலர் மறைந்து வாழ்கிறார்கள் என்பது முதலாவது. மொத்தம் சுமார் 5 சதவீதம் என்பது இரண்டாவது.

முதல் முடிவை நான் ஏற்கிறேன். வெளியே தெரிவது இவ்வளவு மாறும்போது உள்ளே தேடுவது மாறவில்லை என்பது வலுவான சான்று. இரண்டாவதை ஏற்க மாட்டேன். ஏன் என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஊரில் 1,000 ஆண்கள். 980 பேர் மாதம் 10 முறை தேடுகிறார்கள். 20 பேர், தங்களுக்கு வேண்டியது வேறெங்கும் கிடைக்காததால், 25 முறை தேடுகிறார்கள். மொத்தம் 10,300 தேடல்; அதில் அந்த 20 பேருடையது 500. பங்கு 4.85 சதவீதம். ஆட்களோ 2 சதவீதம்தான்.

இது தலைகீழாகவும் நடக்கலாம். தனக்கான தளத்தை அறிந்தவர் கூகுள் பக்கமே வராமல் நேரே அங்கே போய்விடுவார். ஆண்–ஆண் படங்களைப் பார்க்கும் பெண்களும் கணிசமாக உண்டு. தட்டியது ஆணா பெண்ணா என்பது ட்ரெண்ட்ஸுக்குத் தெரியாது. படம் பார்ப்பதும் அடையாளமும் ஒன்றல்ல என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவையும் தாண்டி விடை 5-க்கு அருகில் வந்தாலும், ஒன்றையொன்று அடித்துக்கொண்ட பிழைகளின் தயவால் வந்ததாக இருக்கலாம்.

தேடினால் அதில் ஆசை இருக்கிறது என்றுதானே பொருள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தை எழுதவே நினைத்தேன்.

கருக்கலைப்பை எடுத்துக்கொள்வோம். பென் ரைஸ், ஜான் பிரவுன்ஸ்டீன் இருவரும் 2010-இல் அமெரிக்க மாநிலங்களிலும் பல நாடுகளிலும் கருக்கலைப்பு பற்றிய தேடல்களை உண்மையான கருக்கலைப்பு விகிதத்தோடு ஒப்பிட்டார்கள். கருக்கலைப்பு அதிகம் நடக்கும் இடத்தில் தேடலும் அதிகம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்போம். நேர்மாறாக வந்தது. எங்கே கருக்கலைப்பு குறைவோ, எங்கே சட்டக் கெடுபிடி அதிகமோ, அங்கேதான் தேடல் அதிகம். மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இருந்தால் ஏன் கூகுளைக் கேட்கப் போகிறார்கள்? பின்னர் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸும் இதையே கண்டார். தானே கருவைக் கலைத்துக்கொள்வது எப்படி என்ற வகைத் தேடல்கள் 2015-இல் அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் மேல். விகிதத்தில் முதலிடம் மிசிசிப்பிக்கு. அன்று அந்த மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒரு கருக்கலைப்பு மையம்தான் இருந்தது.

இந்தத் தேடல் எண்ணை நடத்தையின் அளவாக எடுத்துக்கொண்ட ஆய்வாளர், மிசிசிப்பியில் கருக்கலைப்பு பெருகிக் கிடக்கிறது என்று எழுதியிருப்பார். முற்றிலும் தவறு. இல்லாமையின் அளவாக எடுத்துக்கொண்டால் அதே எண் அற்புதமான தரவு.

இன்னொரு உதாரணம். அமெரிக்காவில் ‘என் கணவர்...’ என்று தொடங்கி ‘...தானா?’ என்று கேட்கும் தேடல்களில் முதலில் நிற்பது ‘தன்பாலீர்ப்பினரா’ என்பது. ‘ஏமாற்றுகிறாரா’ என்பதைவிட 10 சதவீதம் அதிகம். ‘குடிநோயாளியா’ என்பதைவிட 8 மடங்கு. இதை வைத்து, குடிநோயாளிகளைவிட 8 மடங்கு கணவர்கள் தன்பாலீர்ப்பினர் என்று யாராவது சொல்வார்களா? கணவர் குடிக்கிறாரா என்று கூகுளிடம் கேட்க வேண்டியதில்லை, கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். மாமியாரிடம் முறையிடலாம், பக்கத்து வீட்டுக்காரியிடம் புலம்பலாம். மற்றதை யாரிடம் கேட்பது? வீட்டுக்குள் தெரியாததும் வெளியே சொல்ல முடியாததும் சேர்ந்துதான் அந்த எண்ணை உருவாக்குகின்றன.

இந்தியப் பெண்களின் ‘என் கணவர் விரும்புகிறார்’ தேடல் பற்றி வந்த செய்தி உண்மையா?

2017-இல் ஸ்டீவன்ஸ்-டேவிடோவிட்ஸ் வெளியிட்ட தகவல் இது. ‘என் கணவர் விரும்புவது...’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் தேடல்களில், இந்தியாவில் முதலிடம் பிடித்தது, கணவர் தன்னிடம் தாய்ப்பால் குடிக்க விரும்புகிறார் என்பது. மற்ற நாடுகளில் இது இந்த அளவுக்கு இல்லை. உடனே இந்திய ஆண்களின் ரகசியம் வெளிப்பட்டுவிட்டது என்று இணைய இதழ்கள் கொண்டாடின.

நிதானமாகப் பார்ப்போம். தட்டியவர்கள் யார்? 2017-இல் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இணையமே இல்லை. அதற்குப் பிறகு, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்விலேயே, ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் 33 சதவீதம்தான், ஆண்கள் 57. அந்தச் சிறு பகுதியிலும் தன் அந்தரங்கத்தை ஆங்கில வாக்கியமாகத் தட்டுகிறவர்கள் இன்னும் சிறு பகுதி. அப்படித் தட்டியவரும் மனைவிதானா என்று யார் கண்டது?

அடுத்தது, கேள்வியின் தொடக்கமே ஒரு சல்லடை. ‘கணவர் விரும்புகிறார்’ என்று கூகுளிடம் போகிறவர், அந்த விருப்பம் தனக்கு விசித்திரமாகப் படுவதால்தான் போகிறார். பரவலான, வழக்கமான விருப்பம் எதுவும் அங்கே வராது. குழந்தைக்குப் பாலூட்டும் பெண்ணுக்கு இயல்பான சந்தேகங்கள் இருக்கலாம்: குழந்தைக்குப் பால் குறையுமா, தொற்று வருமா, இது தவறா, இதைப் பாவம் என்பார்களா? ஆக, முதலிடம் என்பது ஒரு சின்ன வரிசையின் முதலிடம். ‘கூகுளிடம் கேட்கும் அளவுக்கு வினோதமாகப் பட்டவற்றில் முதல்’ என்று அதைப் படிக்க வேண்டும். இந்திய ஆண்களின் விருப்பங்களில் முதலிடம் என்று படிப்பது அபத்தம்.

மூன்றாவது சிக்கல் இப்போது தேடிப் பார்க்கிறவர்களுக்கு. அந்தச் செய்தி வெளிவந்த பிறகு, அது உண்மையா என்று சோதிக்கவும் சிரிக்கவும் பலர் அதே வாக்கியத்தைத் தட்டியிருப்பார்கள். இனி அந்த வரைபடத்தில் மனைவிகளின் கேள்வியையும் வேடிக்கை பார்ப்பவர்களின் விரலையும் பிரிக்க வழியில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் இந்தத் தகவலைத் தூக்கி எறிய மாட்டேன். இதே விஷயம் தொடர்பான ஆபாசப் படத் தேடல்களும் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் உயர்ந்து தெரிவதாக அவர் காட்டினார். அது வேறு ஆட்கள், வேறு நோக்கத்தோடு செய்யும் தேடல். இரண்டு வெவ்வேறு சாட்சிகள் ஒரே திசையில் கை காட்டினால் ஏதோ இருக்கிறது என்று பொருள். எத்தனை வீடுகளில் என்று மட்டும் கேட்காதீர்கள். நம் வார இதழ்களின் அந்தரங்கக் கேள்வி–பதில் பகுதிக்குப் ‘பெயர் வெளியிட விரும்பாத வாசகி’ எழுதிய கடிதங்களும் இதே வகைச் சான்றுதான். அவற்றை ஆசிரியர் குழு பொறுக்கியெடுத்தது, கூகுள் பெட்டிக்கு ஆசிரியர் இல்லை. வித்தியாசம் அவ்வளவே.

பக்தி மிகுந்த ஊர்களில்தான் ஆபாசத் தேடல் அதிகம் என்பது நிரூபணமாகிவிட்டதா?

ஊர்களைப் பற்றி ஓரளவு; ஆட்களைப் பற்றி இல்லை. 2015-இல் மெக்கின்னிஸ், ஹாட்சன் இருவரும் அமெரிக்காவில் மதப்பற்றும் பழமைவாதமும் மிகுந்த மாநிலங்களில் பாலியல் தேடல் கூடுதலாக இருப்பதாகக் காட்டினார்கள். அதற்கு முன்பே 2009-இல் பெஞ்சமின் எடெல்மன் கடன் அட்டைக் கணக்குகளை வைத்து, கட்டணம் செலுத்தி ஆபாசத் தளத்தில் சேர்வதில் யூட்டா முதலிடம் என்றார்: அகலக்கற்றை இணைப்புள்ள ஆயிரம் பேருக்கு 5.47 சந்தாக்கள். பாலியல் ஒழுக்கத்தில் கண்டிப்பான மார்மன் சபையினர் நிறைந்த மாநிலம் என்பதால் செய்திக்குச் சுவை கூடியது. ஆனால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு விற்பனையாளரின் பட்டியல்.

பக்திமான்கள்தான் பார்க்கிறார்கள் என்று இதிலிருந்து தாவக் கூடாது. ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-இலேயே இந்தத் தாவலின் ஆபத்தைக் காட்டிவிட்டார். 1930 அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறியாதவர்கள் குறைவு. ஆனால் தனித்தனி ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறியாமை அதிகம்! கல்வியில் முன்னேறிய மாநிலங்களாகப் பார்த்து அவர்கள் குடியேறியதுதான் காரணம். அதேபோல, பக்தி மிகுந்த மாநிலத்தில் தேடுகிறவர்கள் அங்கே வாழும் பக்தியற்றவர்களாக இருக்கலாம். அல்லது அந்த மாநிலத்தில் இளைஞர்கள் அதிகம் இருக்கலாம். மாநில அளவுத் தரவு இவற்றைப் பிரித்துக் காட்டாது.

தட்டத் தொடங்கியதும் கூகுளே நிரப்பித் தரும் பரிந்துரைகளைப் படம்பிடித்து ஆதாரமாகக் காட்டலாமா?

கூடாது. பாலியல் வெளிப்படையான பரிந்துரைகளைக் கூகுள் வடிகட்டுகிறது. மீதியும் இடம், மொழி, உங்கள் பழைய தேடல் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். நீங்கள் ஆராய விரும்பும் பகுதியைத்தான் அது முதலில் வெட்டி எடுக்கிறது.

உலாவியின் ரகசிய முறையில் (இன்காக்னிட்டோ) தேடினால் தரவில் வராதா?

வரும். அது மறைப்பது உங்கள் கருவியில் பதியும் வரலாற்றை. வீட்டார் கண்ணில் படாமல் இருக்க அது உதவும்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டு, ஒரு விருப்பம் கூடியது குறைந்தது என்று சொல்லலாமா?

அளவுகோல் நடுவில் மாறாமல் இருந்தால் சொல்லலாம். 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் தரவு சேகரிப்பையோ இட ஒதுக்கீட்டையோ மேம்படுத்தியதாக ட்ரெண்ட்ஸ் வரைபடத்திலேயே குறிப்பு இருக்கும். அந்தக் கோடுகளைத் தாண்டி ஒப்பிடும்போது திடீர் ஏற்ற இறக்கம் வந்தால், முதல் சந்தேகம் கூகுள் மேல்தான் விழ வேண்டும்.

காய்ச்சல் கணிப்பின் கதை தெரிந்ததே. தேடல்களை வைத்து ஃப்ளூ பரவலைச் சொல்லும் கூகுளின் திட்டம் 2008-இல் ஆரவாரத்தோடு தொடங்கியது. 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரம் கூடுதலாகவே கணித்ததாக 2014-இல் சயின்ஸ் இதழில் டேவிட் லேசரும் சகாக்களும் காட்டினார்கள். கூகுள் தன் தேடல் பக்கத்தில் செய்துகொண்டே இருந்த மாற்றங்களும் பயனர்கள் எதைத் தட்டுகிறார்கள் என்பதை மாற்றிவிட்டன என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2015-இல் திட்டத்தை மூடினார்கள். காய்ச்சலுக்காவது மருத்துவமனைப் பதிவு இருந்தது, தவறு கண்டுபிடிக்கப்பட்டது. மறைத்து வைத்த பாலியல் விருப்பத்துக்கு எந்தப் பதிவேட்டோடு ஒப்பிடுவது? என்னைக் கேட்டால் இந்தத் துறையின் ஆகப் பெரிய பலவீனம் அதுதான்.

இந்தியாவில் அரசின் தடையும் தரவைக் குலைக்கிறது. 2015 ஆகஸ்டில் 857 ஆபாசத் தளங்கள் முடக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் உத்தரவு தளர்ந்தது. 2018-இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்ற உத்தரவை அடுத்து 827 தளங்களை மீண்டும் முடக்கச் சொன்னார்கள். தளம் திறக்காதபோது, முன்பு நேரே போனவர் தேடுபொறிக்கு வருவார்; வேறு முகவரி தேடுவார்; இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுக்கொண்டு நெதர்லாந்துக்காரராகக் கணக்கில் ஏறுவார். ஆசை அப்படியேதான் இருக்கும், வரைபடம் மட்டும் ஆடும்.

செய்தியும் ஆட்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் மீது தீர்ப்பளித்ததை ஒட்டி வரும் தேடல்களில் செய்தி படிப்பவர், வழக்கறிஞர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர், திட்டுவதற்காகத் தேடுகிறவர் எல்லோரும் இருப்பார்கள். அந்த வாரத்தைக் கழித்துவிட்டுத்தான் எதையும் பேச வேண்டும்.

தமிழில் தேடுவதை இப்படி அளக்க முடியுமா?

முடியும், மெனக்கெட வேண்டும். ஒரே சந்தேகத்தை ஒருவர் தமிழ் எழுத்தில் தட்டுகிறார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறார், மூன்றாமவர் அரைகுறை ஆங்கிலத்தில், நான்காமவர் குரலில் கேட்கிறார். ஆங்கில எழுத்தில் தமிழ் என்றால் எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் வேறு. ஒவ்வொன்றும் தனித்தனியாக ட்ரெண்ட்ஸின் தாழ்வரம்புக்குக் கீழே விழுந்து 0 ஆகிவிடும். அத்தனையும் சேர்த்தால் பெரிய எண்ணாக இருந்திருக்கும்.

சொற்களும் நிற்பதில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் தொடர்ச்சியாகப் பால்புதுமையர் (எல்ஜிபிடி பிரிவினர்) தொடர்பான சொற்களஞ்சியத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்களும் பழைய சொற்களை மெல்லக் கைவிடுகின்றன. இனிப் பழைய சொல்லின் தேடல் குறைந்தால், ஆர்வம் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஒரு தலைமுறை வேறு சொல்லைக் கற்றுக்கொண்டிருக்கலாம். ‘தமிழர்கள் இதைத் தேடுவதில்லை’ என்று சொல்லும் எந்தக் கட்டுரையிலும் முதலில் தேடற்சொற்களின் பட்டியலைக் கேளுங்கள்.

ஆபாசத் தளங்களே வெளியிடும் ஆண்டறிக்கைகள்?

அவை விளம்பரம். எண்கள் பொய் என்று சொல்லவில்லை. எந்த எண்ணைக் காட்டுவது என்பதை விற்பனைத் துறை முடிவு செய்கிறது. எந்தச் சொல்லை எந்த வகையில் சேர்த்தார்கள் என்று வெளியிலிருந்து சரிபார்க்க முடியாது.

பெயர் இல்லாத தரவுதானே, இதில் யாருக்கு என்ன ஆபத்து?

2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவுவதாக நினைத்து, சுமார் 6.5 லட்சம் பயனர்களின் மூன்று மாதத் தேடல்களை, மொத்தம் 2 கோடியை, பெயருக்குப் பதில் எண் போட்டு இணையத்தில் வைத்தது. சில நாட்களில் பத்திரிகையாளர்கள் ஒரு எண்ணுக்குரிய தேடல்களைப் படித்தே ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்து அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊர்ப் பெயர், உறவினர் பெயர், வீட்டுத் தேவைகள் என்று தேடல்களே அவரைக் காட்டிக்கொடுத்தன.

அந்தச் சம்பவத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறு. அவர் தேடியிருந்த பல நோய்கள் அவருடையவை அல்ல, தோழிகளுக்காகத் தேடினாராம். பாலியல் விஷயத்தில் இது இன்னும் அதிகம் நடக்கும். தங்கைக்காக அக்கா தேடுவாள், நோயாளிக்காகச் செவிலியர் தேடுவார், கட்டுரைக்காக நானே தேடியிருக்கிறேன். என் தேடல் வரலாற்றை மட்டும் வைத்து என்னை யாராவது எடைபோட்டால் கதை கந்தல்.

சட்டம் பகையாக இருக்கும் இடத்தில் ஆபத்து பன்மடங்கு. இலங்கைத் தண்டனைக் கோவையின் 365, 365அ பிரிவுகளில் தன்பாலின உறவு இன்றும் குற்றம். அத்தகைய நாட்டில் சிறு நகர் வாரியாகத் தேடல் விகிதத்தை வரைபடமாக்கி வெளியிடுவது, ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் தந்தாலும், செய்யத்தகாத வேலை என்பேன். ட்ரெண்ட்ஸ் சிறு எண்களை 0 என்று காட்டுவது ஆய்வாளருக்கு எரிச்சல்தான். தேடியவருக்கு அது பாதுகாப்பு.

நான் ஆய்வு மாணவி. இத்தனைக்குப் பிறகும் தேடல் தரவைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்துங்கள். ஆனால் ‘எத்தனை பேர்’ என்ற கேள்வியை அதனிடம் கொண்டுபோகாதீர்கள். ‘எங்கே, எப்போது, கேட்க ஆளில்லாமல் இருந்தது’ என்று கேளுங்கள். நன்றாகப் பதில் சொல்லும். ஒரு சட்டம் மாறிய பின், ஒரு மருத்துவமனை மூடிய பின், ஒரு பாலியல் கல்வித் திட்டம் வந்த பின், அதே ஊரில் அதே சொற்கள் எப்படி நகர்கின்றன என்று பார்ப்பதில் மேலே சொன்ன பல பிழைகள் கழிந்துவிடும்.

சொற்பட்டியலைத் தரவை இறக்குவதற்கு முன்பே எழுதித் தேதியிட்டு வையுங்கள், எல்லா எழுத்துக்கூட்டலோடும். வெவ்வேறு நாட்களில் பலமுறை இறக்கிச் சராசரி எடுங்கள். உங்கள் தலைப்போடு தொடர்பே இல்லாத சில சொற்களையும் கூடவே இறக்குங்கள். அவையும் அதே வாரத்தில் எகிறினால் எகிறியது கூகுள்தான். வாய்ப்பு இருந்தால் பத்துப் பேரிடமாவது உட்கார்ந்து பேசுங்கள், குறைந்தது ஒரு மகப்பேறு மருத்துவரிடமாவது. எந்தச் சொல்லை எந்த மனநிலையில் தட்டுகிறார்கள் என்பது வரைபடத்தில் இருக்காது.

பத்திரிகையில் இதை எழுதும்போது ஒரு வரியில் எப்படிச் சொல்வது?

‘இந்தியர்களில் இத்தனை சதவீதம் பேர் இன்னதை விரும்புகிறார்கள்’ என்று எழுதாதீர்கள். ‘2015-இல் ஆங்கிலத்தில் தேடியவர்களிடையே, மொத்தத் தேடல்களோடு ஒப்பிடுகையில், இந்தச் சொற்களின் பங்கு பக்கத்து நாடுகளைவிட இங்கே கூடுதல்’ என்று எழுதுங்கள். தலைப்புக்கு நீளம் என்று செய்தி ஆசிரியர் வெட்டினால், அந்தச் செய்தியையே விட்டுவிடலாம்.